மதிலூரும் அரைமணி யாத்திரிகரும்

இத்தாலிய தேசத்தைக் காணச் செல்வோர், ரோமாபுரியில் மூன்று நாள், பிளாரென்ஸில் இரண்டு நாள், வெனிஸில் ஒரு நாள் எனத் தம் பொழுதைப் பங்கிட்டுக் கொள்வது வழக்கம். அங்ஙனம் பங்கிட்டபின் எஞ்சிய சிறு பொழுதிலே, போகும் வழியில் மோட்டார் பஸ்ஸை நிறுத்தி, குன்றின்மேல் மதில் சூழ நிற்கும் பழைய சிற்றூர் ஒன்றை எட்டிப் பார்த்து மீள்வர். "அதற்கு அரைமணி போதும்" என்பது பிரயாண ஏற்பாடு செய்வோரிடத்தும், போய் வந்தவரிடத்தும் ஒருங்கே வழங்கும் தீர்ப்பாகும். அத்தீர்ப்பை மறுத்தற் பொருட்டே இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தேன். மேனாடுகளிற் சென்று கற்பதற்கும் தொழில் புரிவதற்கும் நம் கல்லூரி மாணவர் பலர்க்கு இந்நாளில் வாய்ப்பு உண்டாகின்றமையின், இதனைக் கூறுதல் முற்றும் பயனற்றதாகாது.

பொதுப்படக் கூறின் பொருள் விளங்காது. ஆதலின் ஓர் ஊரையே எடுத்துக்கொள்வோம். தஸ்கனி நாட்டிலே, சியெனா நகரத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், மொந்தெரிஜ்ஜோனி என்னும் ஊர் உளது. ஊர் என்று பெயரே அன்றி, அஃது ஒரு தெருவும், ஒரு சதுக்கமும், அவற்றைச் சூழ்ந்த சில வீடுகளுமேயாம். மதிலின் சுற்றளவு 570 மீட்டர், இடைவிட்டு எழுந்த நாற்கோணக் கோபுரங்கள் 14, வாயில்கள் இரண்டு. ஒரு வாயில் ரோமாபுரித் திசைக்கும், மற்றது பிளாரென்ஸ் திசைக்கும் உரியன. ஒன்றிற் புகுந்து மற்றொன்றாற் புறப்படுவதற்கு ஐந்து நிமிஷங்கூட வேண்டுவதில்லை. சதுக்கத்தின் ஓரத்திலே சிறியதொரு பழைய ஆலயம். நடுவே ஒரு கிணறு. வீடுகளின் பின்புறத்தே, மதிலை ஒட்டிக் காய்கறித் தோட்டங்கள். இவ்வளவே. எனவே, அரைமணி போதும் என்போர் அளவையிலே பிழை செய்தவரல்லர் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றேன். கண்ணால் அளக்கத்தக்கதை அவர்கள் சரியாகவே அளந்தனர்.

ஆயின், அக்காய்கறித் தோட்டங்கள் அங்கே ஏன் உள்ளன? வீடு கட்ட இடமின்றி மதிலுக்குள் நெருங்கி வாழ்ந்த பழைய ஐரோப்பிய நகரங்களைக் கண்டவர், இவ்வூரில் மதிலுக்குள்ளே மண்ணும் பசுமையும் இருக்கக் கண்டு சிறிது நின்று வினாவுதல் வேண்டும். விடை எளிது. முற்றுகை நேர்ந்து வாயில்கள் அடைக்கப்பட்டால், உள்ளிருப்போர் உண்ணுவதற்கு விட்ட நிலம் அஃது. மதிலைக் காத்தலை நொச்சி என்றும், வளைத்தலை உழிஞை என்றும் திணை வகுத்த நம் இலக்கண ஆசிரியர்களுக்கு இத்தோட்டங்களைக் காட்டினால், ஒரு சொல்லும் விளக்கவேண்டியிராது. அரைமணி யாத்திரிகரோ அதன் வேலிக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு செல்கின்றார்.

இவ்வூர் தானே வளர்ந்த ஊரன்று, கட்டப்பட்ட ஊர். 13-ம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலே, சியெனாக் குடியரசார் தம் பகைவராகிய பிளாரென்ஸ் நகரத்தார் வரும் வழியை அடைத்தற்பொருட்டு, வட்டமான ஒரு குன்றைத் தேர்ந்து, அதன் தலையில் முடி சூட்டினாற்போல இம்மதிலை எழுப்பினர். குன்றின் அடியிலே ரோமாபுரியிலிருந்து வடக்கே செல்லும் காஸ்ஸியா என்னும் பெருவழி ஓடுகின்றது. அவ்வழியைக் கண்காணிப்போர் கையில் வணிகமும் சேனைகளின் நடமாட்டமும் அடங்கியிருந்தன. ஆதலின், இன்று கீழேயுள்ள சாலையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவர்க்கு, ஒலிவ மரங்களுக்கும் திராட்சைக் கொடிகளுக்கும் மேலே தோன்றும் அக்கோபுர வரிசை எத்துணை அழகாயிருப்பினும், அழகுக்காக எழுந்ததன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். வருவோரை அச்சுறுத்தற்கு எழுந்தது அது.

அவ்வச்சத்தை உணர்ந்தவர் தாந்தே மகாகவி. 1302-ம் ஆண்டில் தம் ஊராகிய பிளாரென்ஸிலிருந்து துரத்தப்பட்டு, 1321-ல் ராவென்னா நகரிலே உயிர்நீத்த அப்பெரியார், தம் காவியத்தில் நரகத்தைப் பாடும் பகுதியின் 31-ம் காண்டத்திலே இச்சிற்றூரைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றார். நரகக் குழியின் விளிம்பைச் சுற்றி அரக்கர் பலர் இடுப்பளவு புதையுண்டு நிற்கின்றனர். அரையிருளிலே தொலைவிலிருந்து நோக்கும் கவிக்கு அவர்கள் கோபுரங்களாகத் தோன்றுகின்றனர். வழிகாட்டியாகிய வெர்ஜில் அவை கோபுரங்களல்ல என்று தெளிவிக்கின்றார். அக்காட்சிக்கு உவமையாக வந்தது மொந்தெரிஜ்ஜோனியின் மதில். இவ்வூர்க் கடைகளிலே தாந்தேயின் பெயர் எங்கும் எழுதப்பட்டிருக்கின்றது. அரசன் வந்து தங்கிய சத்திரம் போலப் பெருமை பேசுகின்றனர். கவி இவ்வூரைப் புகழ்ந்தாரல்லர் என்பதையும், நரகத்துக்கு உவமையாகவே எடுத்தாண்டார் என்பதையும் கடைக்காரர் எவரும் வற்புறுத்துவதாகத் தெரியவில்லை. வற்புறுத்தினால் வியாபாரம் கெடும்போலும்!

நிற்க. இத்துணை வலிய மதில் எவ்வாறு வீழ்ந்தது என்பதையும் அறியவேண்டும். சியெனாவின் இறுதிப் போர் நிகழ்ந்த 1554-ம் ஆண்டிலே, இவ்வூரின் காவற்படைக்குத் தலைவனாயிருந்தவன் ஜியோவன்னீனோ ஜேத்தி என்பான். அவன் பிளாரென்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவன். ஆதலின் பிளாரென்ஸ் அரசாண்ட மெதிச்சிக் குடும்பத்தார்க்குப் பகைவன் என நம்பி, சியெனாவார் அவனிடம் கோட்டையை ஒப்புவித்தனர். அவனோ அம்மெதிச்சிகளோடு சமாதானம் செய்துகொள்ளும் நோக்கத்துடன், ஊரின் திறவுகோல்களை அவர் சேனையிடம் கொடுத்துவிட்டான். மூன்று நூற்றாண்டுக்கு மேலாக நின்ற மதிலை உடைக்கவேண்டிய அவசியமே பகைவர்க்கு ஏற்படவில்லை. மறு ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சியெனாவும் பசியால் வாடிப் பணிந்தது. வள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்திலே கோட்டையின் உயரமும் அகலமும் திண்மையும் ஒவ்வொன்றாகக் கூறிவந்து, முடிவிலே உள்ளிருப்போரின் செயல்மாட்சியில் கொண்டு நிறுத்தியதன் கருத்தை யான் வகுப்பறையிற் கற்றேன். விளங்கியது அவ்வாயிலின்கீழ் நின்றபோதே.

இனி, இம்மதில் இன்றளவும் எஞ்சியதன் காரணத்தை ஆராய்வோம். பலரும் இதனை முன்னோர் போற்றிப் பாதுகாத்ததன் பயன் என்று கூறுவர். எனக்கு அஃது உடன்பாடன்று. சியெனாவும் பிளாரென்ஸும் ஓர் ஆட்சியின்கீழ் வந்தவுடன் எல்லை மறைந்தது. எல்லை மறையவே எல்லைக்காவலூருக்கு வேலை இல்லாதாயிற்று. வேலையற்ற ஊரிலே செல்வம் சேரவில்லை. செல்வம் சேராத இடத்தில் பழையதை இடித்துப் புதியது கட்டுவாரும் இலர். அதனருகேயுள்ள சான் ஜிமிஞானோவின் வரலாறும் இதுவே. அங்கே பெருங்குடியினர் ஒருவரோடொருவர் போட்டியிட்டு எழுப்பிய வீட்டுக் கோபுரங்கள் 72 என வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. இப்போட்டி எல்லை மீறவே, நகரத்தார் 1255-ல் உயரத்துக்கு வரம்பு கட்டிச் சட்டம் செய்யவேண்டியதாயிற்று. பின்னர் 1348-ம் ஆண்டின் கொள்ளைநோயால் நகரம் நலிந்து, 1353-ல் பிளாரென்ஸுக்கு அடங்கியது. அன்று தொட்டு வறுமையே காவலாக, 14 கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. 1990-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் அவ்வூர் இடம்பெற்றது. செல்வம் மிக்க பிளாரென்ஸோ, 1865-ல் புதிய இத்தாலியின் தலைநகரானபோது, தன் பழைய மதிலிற் பெரும்பகுதியை இடித்து அகன்ற வீதிகளாக்கிக்கொண்டது. செல்வத்தால் அழிந்ததும் வறுமையால் நிலைத்ததும் ஒரே நாட்டிற் கண்ணெதிரே உள்ளன.

மொந்தெரிஜ்ஜோனியின் இன்றைய நிலை வேறு. வறுமை நீங்கிற்று, யாத்திரிகர் வந்தனர். ஜூலை மாதத்திலே பழைய உடை தரித்து, வாளும் கேடகமும் ஏந்தித் திருவிழாக் கொண்டாடுகின்றனர். 2009-ல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட்' என்னும் கணினி விளையாட்டின் இரண்டாம் பாகம் இவ்வூரையே ஒரு களமாகக் கொண்டமையால், தாந்தேயின் பெயரையும் அறியாத இளைஞர் பலர் இங்கு வருகின்றனர். விளையாட்டிலே கண்ட பெரிய மாளிகை எங்கே என்று தேடுகின்றனர். அப்படி ஒன்று அவ்வூரில் எக்காலத்தும் இருந்ததில்லை. இவர்களை நகையாடுவாருடன் நான் சேரேன். ஒருவனை ஓரூருக்கு அழைத்து வருவது காவியமாயினும் விளையாட்டாயினும், வந்தபின் அவன் என்ன காண்கின்றான் என்பதே வினா.

மதிலின்மேல் ஏறி நடப்பதற்குச் சீட்டு வாங்கவேண்டும். அதற்கு முணுமுணுப்போரும் உளர். பழங்காலத்தில் வழிச்செல்வோர் வாயில்தோறும் சுங்கம் கொடுத்தே சென்றனர் என்பதை எண்ணினால் மனம் ஆறும். மேலும் சுண்ணமும் கல்லும் கொத்தன் கூலியும் இலவசமாய் வருவனவல்ல. எனக்குக் குறையாகத் தோன்றியது பிறிதொன்று. சீட்டுப் பணம் மதிலைக் காக்கும். மதிலுக்குள் ஒரு குடும்பத்தைக் காக்குமா?

இதுவே இப்பொருளின் உயிர்நிலை. அரைமணி வந்து செல்பவர் எதனை வாங்குவர்? குளிர்ந்த பானம் ஒன்று, சிறு பொம்மை ஒன்று, கையிற் பிடித்துத் தின்னும் பனிப்பால் ஒன்று. அவர் ரொட்டி மாவு வாங்கார், மருந்து வாங்கார், குழந்தைக்குப் பள்ளிச் சிலேட்டு வாங்கார். அவரை நம்பி வாழும் ஊரிலே நாளடைவில் ரொட்டிக் கடை பொம்மைக் கடையாகின்றது. மளிகை வாங்கக் குன்றிறங்கிப் போகவேண்டியிருக்கும் கிழவி, ஒருநாள் குன்றின் அடியிலேயே வீடு பார்த்துக்கொள்கின்றாள். இவ்வூரைத் தலையாகக் கொண்ட நகரசபையின் எல்லைக்குள் ஏறக்குறைய 10,000 மக்கள் இருந்தும், அவருட் பெரும்பாலோர் மதிலுக்கு வெளியே, கீழேயுள்ள குடியிருப்புகளிலேயே வாழ்கின்றனர். ஆகவே, அரைமணி போதும் என்னும் தீர்ப்பு தன்னைத்தானே மெய்ப்பித்துக் கொள்கின்றது. அரைமணிக்கு வேண்டியது மாத்திரமே எஞ்சும்வரை ஊர் தேய்கின்றது, தேய்ந்தபின், "பார்த்தீரா, அரைமணிக்கு மேல் இங்கு என்ன இருக்கின்றது?" என்கின்றோம்.

இது வீண் அச்சமென்று கருதுவோர் ரோமாபுரிக்கு வடக்கேயுள்ள சிவிதா என்னும் ஊரைப் போய்ப் பார்க்கலாம். பாஞோரெஜ்ஜோ நகரசபைக்குட்பட்டது அது. எத்ரூஸ்கர் காலத்துப் பழமை வாய்ந்தது. அடியிலுள்ள களிமண் கரைந்து சரிந்து வருகின்றமையின், நீண்டதொரு நடைபாலத்தினாலன்றி அதனை அடைதல் இயலாது. 2013-ல் உள்ளே நுழைவதற்கே கட்டணம் விதித்தனர். கட்டணத்தினால் கூட்டம் குறையவில்லை. புகழ் பரவிப் பெருகவே செய்தது. நிலையாக வாழும் குடிகளோ, ஒரு பந்தியில் அமர்ந்து உண்ணத்தக்க அளவினரே. இரவில் விளக்கெரியும் சன்னல்களை விரலால் எண்ணிவிடலாம். அவ்வூரின் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் அங்கே நடக்கும்போது, வீட்டுக்காரர் இல்லாத வீட்டினுள் நடமாடும் கூச்சம் ஒன்று என்னை விட்டு நீங்கவில்லை.

"யாத்திரிகரும் வாராராயின் அவ்வூர்கள் என்றோ பாழாகியிருக்குமே" என்று ஒரு தடை எழும். உண்மை, நல்ல தடை. வருவோரைத் தடுக்கவேண்டுமென்று யான் சொல்லவில்லை. தங்குங்கள் என்றே சொல்லுகின்றேன். ஆனால் இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டென்பதை மறைத்தல் தகாது. தங்குவோர் பெருகினால் வீடுகளெல்லாம் விடுதிகளாகின்றன. குடியிருக்க வீடு தேடும் உள்ளூர் இளைஞர்க்கு வாடகை எட்டாததாகின்றது. ஆதலின், வீட்டுக்காரர் தாமே வாழ்ந்துகொண்டு ஓர் அறையை வழங்கும் இல்லங்களைத் தேடித் தங்குதல் நலம். யாத்திரிகர் செய்யத்தக்கது அவ்வளவே. எஞ்சியது ஆட்சியாளர் பொறுப்பு. இத்தாலிய பாராளுமன்றம் 2017-ல் 5,000 பேருக்கு மேற்படாத சிறு நகரசபைகளின் நலத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. நல்ல தொடக்கம்; ஆயினும் தொகையோ சிறிது, ஊர்களோ பல்லாயிரம். வேடிக்கை யாதெனின், மதிலுக்கு வெளியே மக்கள் மிகுந்திருத்தலால், மொந்தெரிஜ்ஜோனி அவ்வரம்பைக் கடந்துவிடுகின்றது!

மதிலுக்கு மறுவாழ்வு தரும் வழியை அறியவேண்டின் லுக்கா நகரத்துக்குச் செல்லவேண்டும். அது சிற்றூரன்று, மதிலும் நான்கு கிலோமீட்டருக்குச் சிறிது மிகையான சுற்றளவுடையது. பீரங்கிக் காலத்துக்கேற்பக் கொத்தளங்களோடு நூறாண்டுக்கு மேலாகக் கட்டி, 17-ம் நூற்றாண்டின் நடுவே முடித்தனர். முடித்தபின் அதனை முற்றுகையிட்டார் எவருமிலர். ஆயினும் அது வீண் போகவில்லை. 1812-ம் ஆண்டு நவம்பரில் செர்க்கியோ ஆறு கரைபுரண்டு வந்தபோது, நகரத்தார் வாயில்களை அடைத்துக்கொண்டனர். பகைவருக்கெனக் கட்டியது வெள்ளத்தைத் தடுத்தது. பின்னர் மதிலின் தலையில் மரவரிசைகள் நட்டு உலாவீதியாக்கினர். பிற நகரங்கள் மதிலை இடிப்பதே நாகரிகம் என எண்ணிய அக்காலத்தில், 1866-ல், லுக்கா நகரசபை தன் மதிலை அரசாங்கத்தினிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டது. இந்தச் செயலை நான் பெரிதும் மதிக்கின்றேன். மாலைவேளையிலே அம்மதிலின்மேல் சைக்கிளிற் செல்லும் மாணவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாய்மாரும், சீட்டாடும் முதியோரும் நிறைந்திருக்கக் கண்டேன். வெளியூரார் அக்கூட்டத்திற் கலந்து மறைந்துவிடுகின்றனர். சீட்டில்லை, காவலில்லை, மதிலின்மேல் நடக்கின்றோம் என்ற வியப்பும் அவர்க்கில்லை. நகரத்தார் அதனைத் தம் வீட்டுத் திண்ணைபோல எண்ணுகின்றனர்.

மொந்தெரிஜ்ஜோனி லுக்காவாக இயலாது. அதன் குன்று அத்துணைச் சிறிது. எனினும் அதற்கெனப் பழைய தொழில் ஒன்று மீண்டும் வந்திருக்கின்றது. வடநாடுகளிலிருந்து ரோமாபுரிக்குச் செல்லும் யாத்திரை வழியாகிய பிரான்சிஜேனா அதனூடே செல்லுகின்றது. 990-ம் ஆண்டையொட்டிக் காண்டர்பரி அத்தியட்சராகிய சிகெரிக் என்பார் ரோமாபுரியிலிருந்து இங்கிலாந்துக்கு மீண்டபோது, தாம் தங்கிச் சென்ற ஏறக்குறைய 80 ஊர்களைக் குறித்து வைத்த பட்டியல் இன்றும் கிடைக்கின்றது. மொந்தெரிஜ்ஜோனி அன்று எழவில்லை. ஆயினும் அதனருகே சமவெளியிலுள்ள அப்பாதியா ஆ ஈசோலா என்னும் இடம் அப்பட்டியலிற் காணப்படுகின்றது. இப்போது தோளில் மூட்டையும் கையிற் கோலுமாக அவ்வழி நடப்போர் ஆண்டுதோறும் வருகின்றனர். மாலையில் வந்து, உண்டு, உறங்கி, விடியலிற் செல்லும் இவர்களுக்கு ரொட்டியும் வேண்டும். காலிற் கொப்புளத்துக்கு மருந்தும் வேண்டும். இவ்வகை யாத்திரிகரால் ஊர் பிழைக்கும் என்பது என் துணிபு.

மதுரையிலிருந்து வந்த மாணவர்க்கென ஒரு சொல். 1606-ல் மதுரையை அடைந்து, தமிழும் வடமொழியும் பயின்று, தத்துவபோதகர் எனப் பெயர் பெற்ற ராபர்ட் தெ நொபிலி பிறந்தது ரோமாபுரியிலெனினும், அவர் குடும்பத்தாரின் ஊர் மொந்தெபுல்ச்சானோ. அதுவும் இதே தஸ்கனியில், குன்றின்மேல் மதில் சூழ அமைந்த ஊரே. சியெனா வரை சென்றவர் அதனையும் காணாது மீளலாகாது.

செல்வோர்க்கு வழி கூறி நிறுத்துகின்றேன். மோட்டார் பஸ்ஸில் வந்திறங்குதலினும், அப்பாதியா ஆ ஈசோலாவிலிருந்து வயல்களினூடே நடந்து, குன்றைச் சிறுகச் சிறுக நெருங்குதல் சிறந்தது. தாந்தே கண்டதும் அவ்வாறு தொலைவிலிருந்தே. மாலை ஆறு மணிக்குமேல் கடைசி வண்டியும் சென்றுவிடும். சதுக்கத்திலே கிணற்றின் படியில் அமர்ந்தால், வீடுகளிலிருந்து தட்டுமுட்டோசையும் சமையல் மணமும் வரும். எத்தனை வீடுகளிலிருந்து வருகின்றன என்பதை எண்ணிக்கொள்ளலாம். மறுநாள் விடியலில் ரோமாபுரி வாயிலாற் புறப்படுக. சியெனாவுக்கு வழிநடை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நிழல் குறைவு, நீர் எடுத்துச் செல்லவேண்டும். வெயில் தாழுமுன் கமொல்லியா வாயிலை அடைந்துவிடலாம்.